ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல்லை இனங்காண்பது எப்படி?

ஆங்கிலச் சொற்களைப் பெயர்ச்சொல், பிரதிப்பெயர், பெயரடை, வினைச்சொல், வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல் என 8 வகையாகப் பிரிப்பது மரபு. இப்பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. ஒரு சொல்லின் வகையை முடிவுசெய்வது அந்த வாக்கியத்தில் அது செய்யும் வேலைதான். ஆகவே முதலில் வினைச்சொல்லைப் பிடியுங்கள்.

அதற்கு எளிய வழி, வாக்கியத்தை நேற்றைய நிகழ்வாக மாற்றிப் பார்ப்பது. 'ஷீ வாட்டர்ஸ் த பிளான்ட்ஸ்' என்பதை மாற்றினால் 'வாட்டர்ஸ்' என்பது 'வாட்டர்ட்' ஆகிறது. எனவே இங்கே அதுவே வினை. 'ஷீ டிரிங்க்ஸ் வாட்டர்' என்பதிலோ 'டிரிங்க்ஸ்' மட்டும் 'டிராங்க்' என்று மாற, 'வாட்டர்' அசையாமல் பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. 'கட்', 'புட்' போன்ற சில வினைகள் இறந்தகாலத்திலும் உருமாறுவதில்லை என்பதால், அவற்றுக்கு முன்னால் 'ஷீ' சேர்த்து, நிகழ்காலத்தில் 'கட்ஸ்', 'புட்ஸ்' என வருகிறதா என்று பாருங்கள். இதே சோதனை 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி' என்ற வாக்கியத்திலும் கைகொடுக்கும்: 'இஸ்' தான் 'வாஸ்' ஆகிறது, வினைபோலத் தோன்றும் 'ஸ்விம்மிங்' அங்கே பெயராக நிற்கிறது.

தமிழர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டு இடங்களில். 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் நாம் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் எ டீச்சர்' என்று 'இஸ்' வந்தே ஆக வேண்டும். அடுத்தது துணைவினை. 'போனாளா' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கும் காலத்தையும் கேள்வியையும் ஆங்கிலம் 'டிட்' என்ற துணைவினையிடம் ஒப்படைத்துவிடுவதால், முதன்மை வினை வெறும் 'கோ' ஆக நிற்கிறது. 'டிட் ஷீ வென்ட்' என்பது காலத்தை இருமுறை காட்டும் பிழை. 'கேன்', 'மஸ்ட்' போன்றவற்றுடன் 'ஸ்' ஒருபோதும் சேராது.

வினை தெரிந்தபின், அது எப்படி, எப்போது, எங்கே நிகழ்ந்தது என்று சொல்வது வினையடை; பெயரை விவரிப்பது பெயரடை. 'லி' என்று முடிவதெல்லாம் வினையடை என்று நம்பிவிடாதீர்கள்: 'ஃப்ரெண்ட்லி' பெயரடை. 'ஷீ ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறாள். 'ஷீ ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை என்று பொருள்பட்டுவிடும். முன்னிடைச்சொல்லை அதைத் தொடர்ந்து வரும் பெயர் காட்டிக்கொடுக்கும்: 'ஹீ வென்ட் டவுன் த ஸ்டேர்ஸ்' என்பதில் 'டவுன்' முன்னிடைச்சொல், 'ஹீ வென்ட் டவுன்' என்று நிறுத்தினால் அதுவே வினையடை.