அற்புதத்தைக் கண்டுகொள்ள 40 பக்க நோட்டு ஒன்று

சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் "கர்த்தர் பெரிய காரியம் செய்தார்" என்பதோடு பலருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. என்ன கேட்டோம், எந்தத் தேதியில் எது நடந்தது என்பது அதற்குள் மறந்திருக்கும். பதில் வந்தபிறகு யோசித்துப் பார்த்தால், ஞாபகம் தன் வசதிக்குக் கதையைத் திருத்திக்கொள்ளும். அதனால் ஜெபிக்கும் அன்றே எழுதிவிட வேண்டும்.

நோட்டில் இடப்பக்கம் விண்ணப்பம். வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். "அம்மாவுக்குச் சுகம் தாரும்" என்று எழுதினால் பின்னால் எதோடும் பொருத்திப் பார்க்க முடியாது. பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அவனிடமும் "என்ன வேண்டும்" என்று இயேசு கேட்டார் (மாற்கு 10:51). ஆகவே இந்த மாதிரி எழுதுங்கள்:

"மார்ச் 3. வெறும் வயிற்றில் சர்க்கரை 210. கால் புண் ஆறவில்லை. 17-ஆம் தேதி டாக்டரைப் பார்ப்பதற்குள் ஆற வேண்டும்."

வலப்பக்கம்: "மார்ச் 17. புண் வாய் மூடியிருக்கிறது. சர்க்கரை 160. 5-ஆம் தேதி மாத்திரை மாற்றினார்கள். எதிர்வீட்டு நர்ஸ் நாம் கேட்காமலே தினமும் வந்து கட்டுப் போட்டார்."

மாத்திரையையும் நர்ஸையும் மறைத்தால்தான் அற்புதம் என்று நினைப்பது பெரிய தவறு. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாகத் தேவன் வாக்குக் கொடுத்த பிறகும், பிளவையில் அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னார் தீர்க்கதரிசி ஏசாயா (ஏசாயா 38). மேலே உள்ள குறிப்பில் முதலில் அடிக்கோடிட வேண்டியது "நாம் கேட்காமலே" என்ற இரண்டு வார்த்தைகளைத்தான்.

கேட்காமல் வருபவற்றைப் பிடிக்க, படுக்கும்முன் 10 நிமிஷம் போதும். காலையிலிருந்து வரிசையாக நாளை ஓட்டிப் பாருங்கள். எதிர்பாராத உதவி, தப்பிய ஆபத்து, கோபம் வந்தும் அடங்கிய நேரம்: இதில் ஏதாவது ஒன்றை ஒரே வரியில், யார் மூலம் வந்தது என்பதோடு எழுதுங்கள். பஸ்ஸில் சீட் கிடைத்ததற்கும் ஸ்தோத்திரம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதைச் சாட்சியாக்க வேண்டாம்.

நோய் குணமானால் அவசரப்படக் கூடாது. குஷ்டரோகிகள் பத்துப் பேரையும், குஷ்டம் நீங்கியதா என்று பார்த்துச் சொல்லும் ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கச் சொல்லித்தான் இயேசு அனுப்பினார். பிரான்சில் நோயாளிகள் யாத்திரை போகும் லூர்து நகரின் மருத்துவக் குழுவுக்கு வந்த 7,000-க்கும் மேற்பட்ட குணமடைதல்களில் திருச்சபை அற்புதமென ஏற்றது சுமார் 70. கடுமையான நோயா, சட்டென முழுதாகக் குணமானதா, நிலைத்ததா, சிகிச்சையால் விளக்க முடியாததா என்று ஆண்டுக்கணக்கில் பார்ப்பார்கள். வீட்டளவில் முந்தைய ரிப்போர்ட்டும், சில மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் ஆகாது.

பதில் வராத பக்கங்களைக் கிழிக்காதீர்கள். பவுல் மூன்று தரம் வேண்டியும், "மாம்சத்திலே ஒரு முள்" என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அதையும் வலப்பக்கத்தில்தான் எழுத வேண்டும். ஒரே விபத்தில் நீங்கள் தப்பி இன்னொருவர் இறந்திருந்தால், அந்த வீட்டார் முன்னால் உங்கள் சாட்சி வேண்டாம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்பும்முன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். காலியாகக் கிடக்கும் வலப்பக்கங்களில் சிலவற்றுக்குப் பதில் ஜூன் மாதமே வந்திருக்கும், எழுதத்தான் மறந்திருப்பீர்கள். பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.