ஒலி விவரிப்புக் காணொளி வழியே வருணனை கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு காட்சியை வருணித்து எழுதச் சொன்னால், பெரும்பாலான ஏடுகளில் ‘அழகான’ என்ற சொல் வரிக்கு ஒரு முறை வந்து நிற்கும். அழகான ஊர், அழகான வீடு, அழகான தோட்டம் என்று எழுதியிருப்பார்கள். படிப்பவர் மனத்தில் ஊரும் தோன்றாது, வீடும் தோன்றாது. இந்தப் பழக்கத்தை மாற்ற என் வகுப்பில் கைகொடுத்தது ஒலி விவரிப்பு. பார்வையற்றோருக்காக, உரையாடல் இல்லாத இடைவெளிகளில், திரையில் நடப்பதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வரும் முறை இது. 1981இல் வாஷிங்டனின் அரினா ஸ்டேஜ் நாடக அரங்கில் பார்வையற்றோருக்கான சேவையாக இடம்பெற்று, 1990இல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஎச் நிலையம் வழியாக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 42ஆம் பிரிவில் மின்னணு ஊடகங்களுக்கு ஒலி விவரிப்பைக் கோருகிறது. காட்சியைக் காண முடியாதவருக்கு அதைச் சொல்லால் கொண்டுசேர்ப்பதே இதன் வேலை என்பதால், வருணனை பழகும் பிள்ளைக்கு இது மிகப் பொருத்தமான பயிற்சி. ஆனால் கையாளும் விதம் பிசகினால், காணொளி பார்த்த மகிழ்ச்சி மட்டுமே மிஞ்சும். நானும் பிசகியிருக்கிறேன்.

முதல் தவறு, படத்தை முதலிலேயே காட்டிவிடுவது. கண் ஒரு முறை பார்த்துவிட்டால் காது அதன்பின் வேலை செய்யாது. விவரிப்பாளர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று பிள்ளைகள் கவனிக்கவே மாட்டார்கள். திரையை அணைத்துவிட்டு, அல்லது செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒலியை மட்டும் இரண்டு முறை கேட்கச் செய்ய வேண்டும். பிறகு கேட்டதைப் படமாக வரையச் சொல்ல வேண்டும். முப்பது பிள்ளைகள் வரைந்த முப்பது படங்களையும் சுவரில் ஒட்டிய பிறகே காணொளியைக் காட்ட வேண்டும். எல்லாருடைய படத்திலும் கிணறு ஒரே இடத்தில் இருந்தால், அந்த இடத்தைச் சொன்ன சொல் எது என்று தேடலாம். ஆளுக்கொரு பக்கம் வரைந்திருந்தால் விவரிப்பில் எது விடுபட்டது என்று கேட்கலாம். எழுத்துப் பாடம் உண்மையில் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இதற்கு ஒரு நிமிடக் காட்சி போதும். இருபது நிமிடப் படத்தை ஓடவிட்டால் பாடவேளை முழுவதும் அதிலேயே போய்விடும்.

எது ஒலி விவரிப்பு என்பதில் ஏற்படும் குழப்பமும் அடிக்கடி நேர்வது. திரையின் அடியில் ஓடும் எழுத்து வரிகள் வேறு. அவை செவித்திறன் குறைந்தோருக்கானவை. ஆவணப்படத்தில் ஒருவர் பின்னணியில் பேசுவதும் ஒலி விவரிப்பு ஆகாது. அவர் செய்தி சொல்கிறாரே தவிர, திரையில் தெரிவதைச் சொல்வதில்லை. தமிழில் பள்ளிப் பிள்ளைகளுக்கான விவரிப்புக் காணொளிகள் அரிதாகவே கிடைப்பதால், ஆங்கில விவரிப்பை வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கிக் கொடுக்கும் எண்ணம் எழுவது இயல்பு. அதைத் தவிர்ப்பதே நல்லது. உங்கள் ஊர்ச் சந்தையையோ பேருந்து நிறுத்தத்தையோ செல்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து, விவரிப்பை நீங்களே எழுதி, உங்கள் குரலிலேயே வாசியுங்கள். தெரிந்த ஆசிரியரின் குரலுக்குப் பிள்ளைகள் கூடுதலாகவே காது கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வருணனை என்றால் பெயரடைகளைக் கூட்டுவது என்று பழக்குவது. ‘இன்னும் இரண்டு வருணனைச் சொற்கள் சேர்’ என்று நாம் சொன்னால், பிள்ளை ‘பெரிய’, ‘மிகவும்’ இரண்டையும் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கும். நல்ல விவரிப்பாளரின் பலம் பெரும்பாலும் வினைச்சொல்லில் இருக்கிறது. டீக்கடைக் காட்சி ஒன்றை நான்காம் வகுப்பில் கொடுத்தபோது, ‘ஒருவர் அழகாக டீ ஆற்றுகிறார்’ என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அவளிடம் வேறு சொல் கேட்காமல், வலக்கை எங்கே இருக்கிறது, இடக்கை எங்கே இருக்கிறது, டீ எப்படி இறங்குகிறது என்று மட்டும் கேட்டேன். காணொளியை மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு அவள் எழுதியது இது: ‘வலக்கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார். குவளையைச் சாய்க்கிறார். டீ கயிறு மாதிரி நீளமாக இறங்குகிறது. இடுப்புக்குக் கீழே இருக்கிற டம்ளரில் நுரை பொங்குகிறது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.’ இதில் பெயரடை என்று சொல்லத்தக்க சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் டீ மாஸ்டர் கண்முன் நிற்கிறார். ‘அழகாக’ என்று அவள் முதலில் சொல்ல நினைத்ததும் அந்தக் கடைசி வாக்கியத்தில் வந்துவிட்டது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது; அடைமொழிகளெல்லாம் பெயருக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கின்றன. ‘சிவப்புச் சட்டை அணிந்த, கையில் கிழிந்த குடை பிடித்த, முழங்கால்வரை நனைந்த சிறுவன் ஓடுகிறான்’ என்று எழுதினால், யாரைப் பற்றிய பேச்சு என்பதே தெரியாமல் கேட்பவர் கடைசிவரை காத்திருக்க வேண்டும். ‘ஒரு சிறுவன் ஓடுகிறான். சட்டை சிவப்பு. கையில் கிழிந்த குடை. முழங்கால்வரை நனைந்திருக்கிறான்’ என்று உடைத்தால் காட்சி ஒவ்வொன்றாக வந்து சேரும். நீளமான வாக்கியமே நல்ல வாக்கியம் என்ற எண்ணத்தை ஆசிரியர் முதலில் கைவிட வேண்டும்.

உணர்ச்சியைப் பெயரிட்டுவிட்டு நகர்வதை விவரிப்பாளர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ‘தாத்தா கோபமாக இருக்கிறார்’ என்பதற்குப் பதிலாக, அவர் செய்தித்தாளை மடக்கி மேசையில் அடிப்பதைச் சொல்வார்கள். கோபம் என்ற முடிவைக் கேட்பவரே எடுப்பார். பிள்ளைகளுக்கும் இதைக் கற்பிக்கலாம். ஆனால் ‘மகிழ்ச்சி’, ‘சோகம்’ ஆகிய சொற்களையே எழுதக்கூடாது என்று கரும்பலகையில் தடை போடுவது அடுத்த தவறு. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் மனத்தில் இருப்பதைப் பெயரிட்டுச் சொல்லும் உரிமையும் வேண்டும். ‘உனக்கு எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும்.

இதனுடன் ஒட்டிய, பலரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு: ஒலி விவரிப்பையே முழுமையான வருணனைக்கு முன்மாதிரியாக வைப்பது. விவரிப்பாளர் ஒலிகளைப் பெரும்பாலும் சொல்வதில்லை, ஏனெனில் கேட்பவர் காதில் அவை ஏற்கெனவே விழுகின்றன. மழையின் சடசடப்பும் மாட்டு மணியின் கிணுகிணுப்பும் படத்திலேயே இருக்கின்றன. ஏட்டில் எழுதும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. விவரிப்பை அப்படியே பின்பற்றச் சொன்னால், ஓசையும் மணமும் தொடுகையும் இல்லாத, கண்ணால் மட்டுமே ஆன எழுத்து உருவாகும். இரட்டைக்கிளவியில் இவ்வளவு வளம் உள்ள மொழியில் அது பெரிய இழப்பு. ஆகவே விவரிப்பு எழுதி முடித்ததும், ‘இப்போது ஒலியும் இல்லை, காகிதம் மட்டும்தான்’ என்று சொல்லி, அதே காட்சியைப் பத்தியாக விரிக்கச் செய்ய வேண்டும். விவரிப்பு நிகழ்காலத்தில் அமையும், கதை பெரும்பாலும் இறந்தகாலத்தில் நடக்கும் என்ற வேறுபாட்டையும் அப்போதே காட்டிவிட்டால், ‘ஓடுகிறான்’, ‘விழுந்தான்’ என்று காலம் கலப்பது குறையும்.

கண்ணைக் கட்டிவிட்டு, ‘பார்வையற்றவர் படும் பாட்டை உணருங்கள்’ என்று நடத்தும் விளையாட்டை நான் அறவே ஏற்பதில்லை. அது எழுத்தையும் வளர்க்காது. பார்வைத்திறன் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அவளைப் பரிதாபத்துக்குரியவளாக ஆக்கிவிடும். மாறாக, அவளே விவரிப்புகளுக்கு நடுவராக இருக்கட்டும். ‘எந்தப் பக்கம் திரும்பினான்?’ என்று அவள் கேட்கும் கேள்வி, நாம் சிவப்பு மையில் எழுதும் பத்துக் குறிப்புகளுக்குச் சமம். அவளுக்காக நிறங்களை விட்டுவிட வேண்டும் என்று நினைப்பதும் தவறு. நிறம் எல்லாருடைய பேச்சிலும் இருக்கிறது, அவளுடைய பேச்சிலும் இருக்கிறது.

ஆசிரியரின் மாதிரி வாக்கியத்தைப் பலகையில் எழுதிப் பார்த்தெழுதச் சொல்வதும், முதல் வரைவிலேயே லகர ளகர ழகரப் பிழைகளைத் திருத்துவதும் பிள்ளையின் கவனத்தைக் காட்சியிலிருந்து பிரித்துவிடும். பிழைதிருத்தத்தைக் கடைசி வரைவுக்கு ஒதுக்கலாம்.

எழுதியதை மதிப்பெண் போட்டு அடுக்கி வைப்பதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். ஒலியை நிறுத்திவிட்டுக் காணொளியை ஓடவிட்டு, பிள்ளையைத் தன் விவரிப்பை அதன்மேல் வாசிக்கச் செய்யுங்கள். கம்மல் விற்கும் பாட்டியைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்த ஒரு சிறுவனுக்குத் திரையில் கிடைத்தது ஐந்து விநாடி. இரண்டு முறை வாசித்துப் பார்த்தான், இரண்டு முறையும் பாட்டி போய்விட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து ‘மிகவும் வயதான’, ‘அன்பான’, ‘அழகான’ எல்லாவற்றையும் தானே அடித்துவிட்டு, ‘ஊரெல்லாம் கம்மல் விற்கிறாள். அவள் காதில் ஒற்றைக் கம்மல்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் திரைக்கு முன் வந்து நின்றான்.