வரலாற்று நூலைப் பரிந்துரைக்கும் முன்பும் பேச உட்காரும்போதும்

"நல்ல வரலாற்றுப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவரிடம் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார், அந்தக் காலத்தைப் பற்றி இதுவரை என்ன படித்திருக்கிறார், வாரத்துக்கு எத்தனை பக்கம் ஓடும் என்று முதலில் கேளுங்கள். புதிதாக வருபவர் கையில் 900 பக்க நூலைத் திணித்தால், ஆட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் சிக்கி, தொடக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார். 200 பக்க அறிமுக நூலைக் கொடுங்கள். கனமானது பிறகு வரட்டும்.

நூலைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். துணிச்சலான கூற்று ஒன்றை எடுத்து அதற்கான குறிப்பைத் தேடுங்கள். அது அக்காலக் கடிதத்தையோ ஆவணத்தையோ காட்டுகிறதா, பிற்கால நூல் ஒன்றை மட்டும் காட்டுகிறதா? குறிப்பே இல்லையென்றால் கதையாகப் படிக்கலாம், ஆதாரமாக நீட்ட முடியாது. முதற்பதிப்பு ஆண்டும் முக்கியம். மறுஅச்சு ஆண்டு ஏமாற்றிவிடும். சோவியத் ஆவணக் காப்பகங்கள் பெருமளவில் திறந்தது 1991-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் எழுதிய ஸ்டாலின் கால வரலாற்றைக் கொடுத்தால், இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

கூடிப் பேச 6 முதல் 8 பேர், ஒன்றரை மணி நேரம், இரண்டு அத்தியாயம் போதும். ஆளுக்கொரு பத்தியைக் குறித்துக்கொண்டு வரட்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் அத்தியாயப் பெயரையும் பத்தியின் முதல் வரியையும் குறிப்பது நல்லது.

"பிடித்ததா?" என்று தொடங்கினால் பேச்சு ஐந்து நிமிடத்தில் வற்றிவிடும். "ஆசிரியர் எங்கே தொடங்குகிறார்?" என்று கேளுங்கள். முதல் உலகப் போரை 1914 ஜூன் 28, சராயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கும் நூலில் செர்பியாவும் ஆஸ்திரியாவும் முன்னால் நிற்கும். 1871-இல் ஜெர்மனி ஒன்றுபட்டதிலிருந்து தொடங்கினால் பார்வை பெர்லினுக்குப் போய்விடும். பழி யார்மீது விழும் என்பதில் பாதி, தொடக்க ஆண்டிலேயே முடிவாகிவிடுகிறது. நூலில் இடம்பெறாமல் விட்டுப்போனவர்கள் யார் என்பதை அடுத்துக் கேட்கலாம்.

தேதிச் சண்டை வந்தால் நாட்காட்டியைப் பாருங்கள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி, அன்று அங்கே வழங்கிய பழைய (ஜூலியன்) நாட்காட்டியில் 1917 அக்டோபர் 25, இன்றைய (கிரிகோரியன்) நாட்காட்டியில் நவம்பர் 7. ஒரு நூல் முதல் தேதியையும் இன்னொன்று அடுத்ததையும் சொன்னால், இரண்டும் சரிதான்.

அடுத்த கூட்டத்துக்கு, முரண்படும் இன்னொரு நூலில் அதே நிகழ்வைச் சொல்லும் பக்கங்களை மட்டும் படித்து வரச் சொல்லுங்கள். இரு நூலாசிரியர்களும் ஒரே ஆவணத்தை வேறு வேறாகப் படித்திருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.