வேட்டையைக் காடு தாங்குமா? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டு வேட்டையைக் கணக்கெடுக்கப் புதிதாகக் களத்துக்கு வருபவர்களின் அறிக்கைகள் அடிக்கடி என் மேசைக்கு வரும். நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் செய்த சொதப்பல்கள் அப்படியே திரும்பி வருகின்றன. தேதி விடுவது, விலங்கின் பெயரை மாற்றி எழுதுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். முடிவையே கெடுப்பவை இவைதான்.

"வரத்து குறையவில்லை, அதனால் பிரச்சினை இல்லை"

இதற்குத்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கேமரூனில் காட்டோரக் கிராமம் ஒன்றைப் பற்றிய அறிக்கை. வாராவாரம் ஏறக்குறைய அதே அளவு நீல டைக்கர் (நாலைந்து கிலோ எடையுள்ள சின்ன இரலை, ஈற்றுக்கு ஒரே குட்டி) வருகிறதாம், ஆகவே காடு தாங்கும் என்று முடித்துவிட்டார்கள். சரி, அத்தனையைப் பிடிக்க எவ்வளவு பாடுபட்டார்கள்? அது எங்கேயும் இல்லை. ஆனால் பின்னிணைப்பில் ஒரு வேட்டைக்காரரின் பேட்டி இருந்தது: முன்பெல்லாம் காலையில் கண்ணிகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவாராம், இப்போது காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுத் தங்கி, பிடித்ததை அங்கேயே புகையில் வாட்டிக் கொண்டுவருகிறாராம், கம்பிக் கண்ணிகளும் இரண்டு மடங்கு ஆகிவிட்டனவாம். எழுதினவர்களே அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது! அந்த அறிக்கையைக் காட்டித்தான் கண்ணிகளுக்கு வரம்பு வைக்கும் பேச்சையே கைவிட்டார்கள்.

எத்தனை கண்ணி, எத்தனை இரவு, ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று மூன்றையும் கேளுங்கள். தூரத்தை விட்டால் கண்ணிக்கு இத்தனை விலங்கு என்ற கணக்கும் ஏமாற்றும், ஏனென்றால் வேட்டைக்காரர் யாரும் தொடாத காட்டுக்கு நகர்ந்துகொண்டே இருப்பார். எந்த இனங்கள் வருகின்றன என்பதும் முக்கியம். கானாவின் தகோராடி நகரத்துக் காட்டு இறைச்சிச் சந்தையைப் பற்றி 2005இல் வந்த ஆய்வில் வியாபாரம் நிலையாகத்தான் தெரிந்தது, ஆனால் மெதுவாகப் பெருகும் விலங்குகள் அதற்கு முன்பே தீர்ந்து, வேகமாகப் பெருகும் கொறிணிகளும் சிறு இரலைகளும்தான் மிச்சம்.

சூத்திரம் பாஸ் போட்டுவிட்டது என்று நம்புவது

ஆய்வாளர்கள் ராபின்சனும் ரெட்ஃபோர்டும் 1991இல் கொடுத்த சூத்திரத்தில், ஓர் இனத்தின் உச்சபட்ச உற்பத்தியில் (ஓர் ஆண்டில் அதிகபட்சமாகப் புதிதாகச் சேரக்கூடிய விலங்குகள்) நீண்ட ஆயுள் விலங்கு என்றால் 20%, ஆயுள் குறையக் குறைய 40%, 60% வரை எடுக்கலாம். அந்த வரம்பைத் தாண்டினால் வேட்டை அதிகம் என்று சொல்லலாம். தாண்டவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று சொல்லவே முடியாது, அதுவும் விலங்கு அடர்த்தியை வேறொரு காட்டிலிருந்து கடன் வாங்கியிருந்தால்.

கண்ணியில் அழுகியதைக் கணக்கில் விடுவது

கம்பியை அறுத்துக்கொண்டு ஓடியதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஒரே பருவத்தில் ஒரு மாதம் எண்ணிவிட்டு 12ஆல் பெருக்குவது

வேண்டாம்.