முதியோர் மருத்துவம் சொல்லித்தருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கேரள எல்லையில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெரியவர்கள் முழங்கால் வலிக்குக் கோயம்புத்தூர் போவார்கள், பிரஷருக்குப் பாலக்காடு. நடுவில் உள்ளூர் வைத்தியர் தரும் கஷாயமும் உண்டு. இவர்களை வைத்துப் பாடம் நடத்தும்போது கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குவதுதான் முதல் தவறு. மாத்திரைப் பையைக் கொட்டித் தொடங்குங்கள்.

இரண்டு ஊர்ச் சீட்டிலும் இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே பிரஷர் மாத்திரை, அம்லோடிபின், இருக்கும். பாட்டி இரண்டையும் விழுங்குவார். கால் வீங்கும். வீக்கத்துக்கு இன்னொருவர் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு எழுதுவார். ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவர் ஒரு தடவை தலைசுற்றி விழுவார், இடுப்பு எலும்பு முறியும். மாணவன் அந்த முறிவைப் பற்றி அழகாகப் பேசி மார்க் வாங்கிவிடுவான். படுக்கவைத்தும், நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்த்தானா என்று யாரும் கேட்பதில்லை. மேல் அளவு 20 குறைந்தாலே விஷயம் இருக்கிறது.

அதே பையில் முழங்காலுக்கான வலி மாத்திரை டைக்ளோஃபினாக்கும் கிடக்கும். பிரஷரை ஏற்றுவதோடு கிட்னியையும் கெடுக்கும். தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.0 தானே, நார்மல் என்று தாண்டிப் போகாதீர்கள். 80 வயது, 40 கிலோ பாட்டிக்குக் கிட்னி வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கைப் போர்டில் போடவையுங்கள். நிமிடத்துக்கு 28 மில்லிதான் வரும். சதை வற்றிய உடம்பில் கிரியாட்டினின் ஏறாது என்பது அப்புறம் மறக்காது.

பள்ளிக்கூடமே போகாதவரிடம் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது, அதுவும் மலையாளத்தில், இன்னொரு கூத்து. தவறினால் உடனே ‘டிமென்ஷியா’, அதாவது மறதி நோய். சந்தையில் கத்தரிக்காய் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறாரா என்று கேட்டுப் பார்க்கலாமே.

இதற்கு நேர்மாறான தவறு ஆபத்தானது: திடீரென வந்த குழப்பத்தை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவது. மூன்று நாளாகத்தான் உளறுகிறார் என்றால் அது டெலிரியம், உடம்புக் கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று காரணத்தைத் தேட வேண்டும். “எப்போதிலிருந்து?” என்று மகனிடம் கேட்கப் பழக்குங்கள். மற்ற கேள்விகளைப் பெரியவரிடமே கேட்கட்டும், காது கேட்கும் பக்கமாக உட்கார்ந்து.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-லேயே முதியோர் மருத்துவத்தில் எம்.டி. வந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். பிராக்டிகலில் இன்னும் இதற்குத் தனி கேஸ் வைப்பது அபூர்வம். பரீட்சையில் வராததை மாணவன் படிக்கமாட்டான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்த இன்டர்னல் பரீட்சைக்கு ஒரு மேஜையில் அந்தப் பையை மட்டும் வைத்து, எதை நிறுத்துவாய் என்று கேளுங்கள்.