கேட் திறந்திருந்தாலும் பொறுப்பு ஓட்டுநருடையதே: ரயில்வே கேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இருந்து நான்கு பக்கமும் ரயில் பாதை பிரிகிறது. வடக்கே சமயநல்லூர், சோழவந்தான் வழியாகத் திண்டுக்கல்லுக்கும், தெற்கே திருப்பரங்குன்றம், திருமங்கலம் வழியாக விருதுநகருக்கும் செல்பவை இரட்டைப் பாதைகள். கிழக்கே சிலைமான், திருப்புவனம் வழியாக மானாமதுரைக்கும், மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகப் போடிநாயக்கனூருக்கும் செல்பவை ஒற்றைப் பாதைகள். பெரிய சாலைகள் பலவற்றில் மேம்பாலமும் சுரங்கப்பாதையும் வந்துவிட்டன என்றாலும், ஊர்ச் சாலைகளில் ரயில்வே கேட் இன்னும் இருக்கிறது. அங்கே இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். கேட்டை இறக்கும்போது, "அண்ணே, ஒரு நிமிசம் பொறுங்க, டக்குன்னு போயிருவோம்" என்று கேட்கீப்பரிடம் கெஞ்சுவது ஒன்று. கேட் தூக்கியிருக்கும்போது, "தெறந்துதானே கெடக்கு, போ" என்று பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவசரப்படுத்துவது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே தவறுதான். தன் வண்டியில் இருப்பவர்களின் உயிருக்குத் தான் பொறுப்பு என்பதை ஓட்டுநர் மறந்து, அந்தப் பொறுப்பைக் கேட்கீப்பரின் கையில் கொடுத்துவிடுகிறார். ரயில்வே கேட்டில் நடக்கும் மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து.

திறந்திருக்கும் கேட்டில் இருந்து தொடங்குகிறேன்; ஏனென்றால் அங்குதான் நாம் கொஞ்சமும் யோசிப்பதில்லை. கேட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இயங்குபவை அல்ல. ஒரு வகையில், கேட்டும் ரயிலுக்கான சிக்னலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும்; இதை இன்டர்லாக் வசதி என்பார்கள். கேட்டை மூடிப் பூட்டினால்தான் அங்கே ரயிலுக்குப் பச்சை விளக்கு விழும். பச்சை விழுந்த பிறகு, ரயில் கடக்கும் வரை கேட்கீப்பரே விரும்பினாலும் வழக்கமான முறையில் கேட்டைத் திறக்க முடியாது. மற்றொரு வகையில் இந்தப் பிணைப்பு இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் ரயில் வரும் செய்தியைச் சொல்வார். கேட்கீப்பர் கேட்டை மூடிவிட்டு அதை உறுதி செய்து பதில் சொல்வார். அந்த ஏற்பாடு முழுவதும் இரண்டு மனிதர்களின் கவனத்தையும் ஒரு தொலைபேசி உரையாடலையும் நம்பியே நிற்கிறது. கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அது இன்டர்லாக் வசதி இல்லாத கேட். அதற்குப் பிறகுதான், இன்டர்லாக் வசதி செய்ய வேண்டிய கேட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலை, அதாவது ஒரு நாளில் செல்லும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் கணக்கை, 20,000 என்பதில் இருந்து 10,000 ஆக ரயில்வே அமைச்சகம் குறைத்தது.

சாலையில் வருகிற ஓட்டுநருக்குத் தன் முன்னால் இருப்பது எந்த வகைக் கேட் என்பது பொதுவாகத் தெரியாது. ஆகவே எல்லாக் கேட்டிலும் ஒரே பழக்கம்தான் சரி. வேகத்தடையிலேயே வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் தண்டவாளம் கண்ணுக்கெட்டும் தூரம் வரை பார்த்த பிறகே ஏற வேண்டும். பக்கத்தில் கருவேலம் புதர் மண்டியிருந்தாலோ, பாதை வளைவாக இருந்தாலோ, கேட்கீப்பரைக் கண்ணில் காணாவிட்டாலோ, வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கிப் பார்த்து வருவதில் குறைந்துபோவது ஒன்றும் இல்லை.

இப்படி இறங்கிப் பார்ப்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட கடமை. காவல் இல்லாத கேட்டை நெருங்கும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, நடத்துனரையோ கிளீனரையோ வண்டியில் இருக்கும் வேறொருவரையோ தண்டவாளம் வரை நடந்து போய், இரண்டு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று உறுதி செய்யச் சொல்லி, அவர் முன்னே வழிகாட்ட வண்டியைக் கடத்த வேண்டும் என்றும், அப்படி யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்றும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு சொல்கிறது. அகலப் பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் அகற்றப்பட்டுவிட்டதால் இந்தப் பிரிவுக்கு இனி வேலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிவு பயன்படும் இடம் சுருங்கியிருக்கலாம். அது சொல்லித்தரும் பழக்கத்தின் தேவை சுருங்கவில்லை.

தூரத்தில் வரும் ரயிலைப் பார்த்துவிட்டு, "அது வர்றதுக்குள்ள போயிரலாம்" என்று கணக்குப் போடுவது அடுத்த தவறு. இந்தக் கணக்கில் கண் நம்மை ஏமாற்றுகிறது. நேர் எதிரே வரும் பெரிய உருவம் வெகு நேரம் அதே அளவில் நிற்பதுபோலத் தெரிந்து, கடைசி சில நொடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் ஓரம் நட்டிருக்கும் பலகையைப் பார்த்து ரயில் ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்குகிறார் என்றால், அந்த ஒலி எழுந்ததில் இருந்து ரயில் கேட்டை அடைய 21, 22 நொடிகள்தான் ஆகும். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பேருந்து, முதல் தண்டவாளத்துக்கு 5 மீட்டர் முன்னால் நின்றுவிட்டுப் புறப்பட்டு, இரட்டைப் பாதையைக் கடந்து, தன் பின்பக்கமும் பத்திரமான தூரத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 30 மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கே 10 நொடிக்கு மேல் ஆகிவிடும். நடுவில் எஞ்சின் ஒரு தடவை நின்றுபோனால் மீதி நேரமும் போய்விட்டது. ரயில் நம்மைப் பார்த்து நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது உருள்வதால் பிடிமானம் குறைவு. அந்த வேகத்தில் ஓடும் விரைவு ரயில் அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் வேண்டியிருக்கும். 600 மீட்டரில் நம்மைக் கண்டுகொண்ட ரயில் ஓட்டுநரால் ஹாரன் அடிக்கவும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கவும் மட்டுமே முடியும்.

போடி வழித்தடத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதில் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும். அங்கே மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூனிலும்தான் அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ரயிலே வராத சாலையில் வண்டி ஓட்டப் பழகிய ஒரு தலைமுறை அந்த ஊர்களில் இருக்கிறது. அதற்கு முன்பு ஓட்டியவர்களின் நினைவில் இருப்பது பழைய மீட்டர் கேஜ் வண்டியின் நிதானம். இன்று அதே பாதை மின்மயமாகிவிட்டது. மின்சார எஞ்சின், டீசல் எஞ்சினைப் போல வெகு தூரத்தில் இருந்தே இரைச்சலைக் கொடுத்து எச்சரிப்பதில்லை.

மூடும் கேட்டில் நடக்கும் தவறுகளுக்கு வருவோம். கேட்டின் கம்பம் இறங்கும்போது அடியில் நுழைந்துவிடுகிறவர் தனக்கு மட்டும் ஆபத்தைத் தேடிக்கொள்வதாக நினைக்கிறார். இன்டர்லாக் உள்ள கேட்டில், அவருடைய வண்டி நடுவில் நிற்கும் வரை கேட்டைப் பூட்ட முடியாது. பூட்டாமல் சிக்னல் விழாது. சிக்னல் விழாமல் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் வெளியே நிற்கும். இன்டர்லாக் இல்லாத கேட்டிலோ ரயில் நிற்காமலே வந்துவிடும். கேட்கீப்பரை அதட்டியோ கெஞ்சியோ கேட்டைத் தூக்க வைப்பதன் பொருளும் இதுவே. கேட்டை மூட விடாமல் இவர் பிடித்து வைக்கிற அந்த ஒரு நிமிடம், முன்னால் பார்த்தபடி, ரயில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கடக்கிற நேரம். மூடிய கேட்டைத் தானே திறக்கிறவருக்கு மூன்று ஆண்டு வரையும், உடைக்கிறவருக்கு ஐந்து ஆண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்க 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 160ஆம் பிரிவில் இடம் தருகிறது.

கேட் மூடியிருக்கும்போது சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பதை மதுரைப் பக்கம் யாரும் தவறாகவே கருதுவதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இடது பக்கம் வரிசை நீண்டிருந்தால், பின்னால் வரும் டூவீலர்கள் வலது பக்கம் ஏறி முன்னால் போய் நிற்கும்; அவற்றின் பின்னால் ஷேர் ஆட்டோ, அதன் பின்னால் கார். எதிர்ப் பக்கத்திலும் இப்படியே நடக்கும். கேட்டைத் தூக்கியதும் இரண்டு படைகள் தண்டவாளத்தின் மீது நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். பின்னால் நகரவும் இடம் இருக்காது. முகூர்த்த நாளிலும் சித்திரைத் திருவிழாக் கூட்ட நாட்களிலும் இந்த முடிச்சு அவிழப் பல நிமிடங்கள் ஆகும். இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போன சிறிது நேரத்திலேயே எதிர்த் திசையில் இன்னொரு ரயில் வர வேண்டியிருக்கலாம். கேட்கீப்பர் மணி அடித்தும் கத்தியும் கேட்டை இறக்க முடியாமல் நிற்பார். இதற்கு மருந்து எளிது. தன் வரிசையில், தன் பக்கத்தில், பொறுமையாக நிற்பது. தண்டவாளத்துக்கு அப்பால் தன் வண்டி முழுவதும் நிற்க இடம் காலியாகிவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகே ஏறுவது. முன்னால் போகும் பேருந்தின் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு போகிறவர், அது நின்றால் தான் தண்டவாளத்தின் மேல் நிற்பார். தண்டவாளத்தில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1.676 மீட்டர்தான், ரயில் பெட்டியின் அகலமோ 3.2 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் ரயில் வெளியே துருத்திக்கொண்டு வரும்.

ஒரு ரயில் போனதும் கம்பத்துக்கு அடியில் குனிந்து டூவீலரைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், கேட் ஏன் இன்னும் தூக்கப்படவில்லை என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த பாதையில் வரும் ரயிலை, போய்க்கொண்டிருக்கும் ரயிலின் கடைசிப் பெட்டிகள் மறைத்துக்கொண்டிருக்கும்.

டூவீலர் ஓட்டுநர்களுக்கு இன்னொன்று. கேட்டில் தண்டவாளத்தை ஒட்டி, சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காக ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். சாய்வாகக் கடந்தால் சைக்கிள் சக்கரமும் மெல்லிய டயரும் அதில் சிக்கும். மழையில் தண்டவாளம் வழுக்கும். செங்குத்தாக, நிதானமாகக் கடப்பதே சரி. நான்கு சக்கர வண்டிக்காரர்கள் முதல் கியரைத் தண்டவாளத்துக்கு முன்பே போட்டுக்கொண்டு, கடக்கும் வரை மாற்றாமல் போக வேண்டும்.

பாரம் ஏற்றும் வண்டிகளுக்கான தவறு தலைக்கு மேலே இருக்கிறது. மின்பாதைக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அதனால்தான் கேட்டின் இரு பக்கமும் 4.67 மீட்டர் உயரத்தில் சாலைக்குக் குறுக்கே தடுப்பு நிறுத்தியிருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் வைக்கோலை மலைபோல ஏற்றிக்கொண்டு வருகிற லாரி, அந்தத் தடுப்பில் உரசியும் நெருக்கித் தள்ளிக்கொண்டு போவது உண்டு. மேலே ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு போவது அதைவிடப் பெரிய தவறு. இந்த அழுத்தத்தில் மின்சாரம் பாய, கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே போதும். பந்தல் கம்பு, இரும்பு ஏணி, நீளக் குழாய் தூக்கிச் செல்கிறவர்கள் அவற்றைக் கிடைமட்டமாகவே கொண்டுபோக வேண்டும்.

பிறர் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன், ஷேர் ஆட்டோ, மினி பஸ் ஓட்டுநர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் 2018 ஏப்ரல் 26 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தபோது, ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக முதற்கட்ட விசாரணையில் கூறப்பட்டது. பள்ளி மணி அடித்துவிடும் என்ற அவசரத்தில் வேனை விரட்டச் சொல்கிற பெற்றோரும் நிர்வாகமும் இந்தப் பொறுப்பில் இருந்து விலகி நிற்க முடியாது. கேட்டில் ஐந்து நிமிடம் நின்றதற்காக ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாத பள்ளியில்தான் ஓட்டுநர் நிதானமாக ஓட்டுவார்.

சுரங்கப்பாதைகளில் ரயில் மோதும் ஆபத்து இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அவற்றில் தண்ணீர் தேங்கும். தண்ணீரின் ஆழம் தெரியாமல் காரை இறக்கக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டம் தொடையூரில் 2021 செப்டம்பரில் அப்படி இறங்கிய கார் மூழ்கி ஓர் உயிர் போனது. தண்ணீர் நிற்கிறதே என்று மேலே ஏறி, கேட் இல்லாத இடத்தில் டூவீலரைத் தண்டவாளத்தின் மேல் தூக்கிக் கடத்துவதும் கூடாது. சுற்றுவழி எவ்வளவு தூரமானாலும் அதிலேயே போக வேண்டும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் வண்டி தண்டவாளத்தில் நின்றுவிடலாம். அப்போது செய்யும் தவறு, சாவியைத் திருப்பிக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருப்பது. முதலில் எல்லோரையும் இறக்கித் தண்டவாளத்தை விட்டு வெகுதூரம் போகச் செய்ய வேண்டும். ரயில் தெரிந்தால் அது வரும் திசையை நோக்கிச் சாய்வாக விலகி ஓட வேண்டும், ஏனெனில் மோதலில் சிதறும் பாகங்கள் ரயில் போகும் திசையிலேயே பறக்கும். உடனே கேட்கீப்பரிடம் சொன்னால், அவர் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, சிவப்புக் கொடியோடு ஓடி, தண்டவாளத்தில் வெடியொலி எழுப்பும் பட்டாசு வைத்து ரயிலை நிறுத்த முயல்வார். ரயில்வே உதவி எண் 139. கேட்கீப்பர் அருகில் இல்லையென்றால், கையில் கிடைக்கும் சிவப்புத் துணியை, இரவென்றால் விளக்கை, ஆட்டிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக ரயில் வரும் பக்கம் ஓட வேண்டும். இரட்டைப் பாதையானால் இரண்டு பக்கமும் ஆள் போக வேண்டும். எஞ்சின் மறுபடி கிளம்பி வண்டி தானாகவே வெளியேறிவிட்டாலும் அப்படியே போய்விடக் கூடாது. வண்டியில் இருந்து விழுந்த இரும்போ கல்லோ, ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடும் பள்ளத்தில் கிடக்கலாம். கேட்கீப்பரிடம் சொல்லி, அவர் வந்து பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.