நாகர்கோவிலில் இருந்து துபாய்க்கு எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

பக்கத்து வீட்டு அக்கா துபாய் கிளம்பும்போது டிக்கெட்டைப் பார்த்து "ரெண்டரை மணி நேரம்தான் அக்கா" என்று சொன்னவன் நான். அக்காவும் அதை நம்பி கைக்குழந்தைக்கு அந்த அளவுக்கே பால் கொண்டுபோனார். விமானம் பறந்தது நாலு மணி நேரம். போய் இறங்கியதும் போனில் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. நீங்களாவது ஒழுங்காகக் கணக்குப் போடுங்கள்.

முதலில் தூரம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள், உருண்டையான பூமியைத் தாளில் விரிக்கும்போது தூரம் இழுபட்டுவிடும். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால், நாம் விமானம் ஏறும் திருவனந்தபுரத்தில் இருந்து துபாய்க்கு ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். அதே நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் இருபத்தாறரை டிகிரி போல வரும். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், பெருக்கினால் 2,940 சொச்சம். கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதியும் கிட்டத்தட்ட இதையேதான் காட்டும். (நூல் வேலைதான் எனக்குப் பிடித்தது!)

அடுத்து நேரம். பெரிய ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர்ந்து போக என்று அரை மணிக்கு மேல் சேர்த்தால் நாலு, நாலேகால். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் உயரத்தில் மேற்குக் காற்று பலமாக வீசும், அதனால் போகும்போது கொஞ்சம் இழுக்கும், திரும்பும்போது தள்ளிவிடும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 4.30க்குக் கிளம்பி 7.00க்கு இறங்கும் என்று போட்டிருந்தால் இரண்டரையோடு ஒன்றரையைக் கூட்டுங்கள். திரும்பி வரும்போது இரவு 10க்கு ஏறி விடிகாலை 3.30க்கு இறங்கினால், ஐந்தரையில் ஒன்றரையைக் கழியுங்கள். இரண்டுமே நாலுதான்.

அப்புறம் தரைக்கணக்கு. நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, திருவனந்தபுரம்தான் போக வேண்டும். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலைத் தாண்டிப் போக நான் இரண்டரை மணி நேரம் ஒதுக்குவேன். வெளிநாட்டு விமானம் சாக்கைப் பக்கத்து முனையத்தில், சங்குமுகம் பக்கம் போய் நிற்காதீர்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் (சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோவது) ஓடுபாதை வழியாகவே கடற்கரைக்குப் போகும். அன்றைக்குச் சில மணி நேரம் விமானமே கிடையாது, நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும் என்றால், 12ஆம் தேதி காலை 4.30 விமானத்துக்கு 11ஆம் தேதி இரவு 11 மணிக்கே வண்டி வாசலில் நிற்க வேண்டும். டாக்சிக்காரரிடம் 12 என்று சொல்லிவிடாதீர்கள்.